உடல் எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின்னரான வலி: வைத்தியசாலையில் எதைக் கேட்க வேண்டும்?

ஆரையம்பதியாள் எழுதியது:

வணக்கம். எனது அக்காவுக்கு அடுத்த மாதம் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் உடல் எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இரைப்பையின் முக்கால் பங்களவை வெட்டி அகற்றி, மீதியை ஒடுங்கிய குழாய்போல விட்டுவிடும் 'ஸ்லீவ்' முறையே அவருக்குப் பொருத்தமானது என்று வைத்தியர் தீர்மானித்திருக்கிறார். அக்காவுக்கு 43 வயது. நீண்ட காலமாகச் சீனி வருத்தம் இருப்பதால் மெட்போமினும், பிரஷருக்கு லொசாட்டனும் எடுக்கிறார். உறக்கத்தில் மூச்சு இடையிடையே நின்று வருவதையும் பரிசோதனையில் கண்டறிந்து, முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் இயந்திரத்தை இரவில் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் அஞ்சுவது சத்திரசிகிச்சையை அல்ல, அதற்குப் பிந்திய வலியைத்தான். இளைய பிள்ளை சிசேரியன் மூலம் பிறந்தபோது வலியால் உறங்க முடியாமல் கிடந்திருக்கிறார். வலிக்கிறது என்று சொன்னதற்கு, எல்லாப் பெண்களும் தாங்குவதுதானே என்று பதில் கிடைத்ததாம். அதன்பின் கேட்பதையே விட்டுவிட்டார். இம்முறையும் வாயைத் திறக்காமல் கிடந்துவிடுவாரோ என்பதே துணைக்குப் போகும் எனது கவலை. கிளினிக்கில் சத்திரசிகிச்சையைப் பற்றி விரிவாக விளக்கினார்கள். வலியைப் பற்றி "மருந்து தருவோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது.

எந்த வகையான வலி எவ்வளவு நாள் இருக்கும், மயக்க மருந்து வைத்தியரிடம் முன்கூட்டியே எதைக் கேட்டு வைக்க வேண்டும், மூச்சு நின்று வரும் ஒருவருக்கு மோபின் போன்ற வலுவான மருந்துகளைக் கொடுக்கலாமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும். எங்கள் இருவருக்கும் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மருதமுனைத் தாதி எழுதியது:

சகோதரி, நான் கல்முனைப் பக்கத்தில் சத்திரசிகிச்சை விடுதிகளில் நீண்ட காலம் கடமையாற்றியவள். உங்கள் அக்காவைப் பார்க்கும் வைத்தியர்களின் சொல்லே முடிவானது. அவர்களிடம் சரியான கேள்விகளோடு போக உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில், இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வருவது ஒரே வலி அல்ல. வயிற்றில் கருவிகளை உட்செலுத்திய சிறு துளைகள் சில இருக்கும். வெட்டிய இரைப்பையை வெளியே எடுத்த துளை மற்றவற்றை விடப் பெரிதாகையால் பெரும்பாலும் அதுவே அதிகமாக நோகும், அதுவும் புரளும்போதும் இருமும்போதும். இரண்டாவது, வயிற்றை உப்பச் செய்வதற்காகச் செலுத்திய காபனீரொட்சைட்டு வாயுவால் வரும் வலி. முடிவில் வாயுவை வெளியேற்றிவிடுவார்கள். ஆனாலும் எஞ்சுவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகட்டை உறுத்தும். அங்கிருந்து போகும் நரம்பு கழுத்துப் பகுதியிலிருந்து வருவதாகையால் நோயாளர் அந்த வலியைத் தோளில் உணர்வார். வயிற்றில் வெட்டியிருக்கத் தோள் ஏன் வலிக்கிறது என்று பலர் கலங்கிப்போவது இதனால்தான். சாதாரணமாக அது இரண்டு மூன்று நாட்களில் தணிந்துவிடும். மூன்றாவது, ஒடுங்கிய இரைப்பை தண்ணீரை ஏற்கப் பழகும்வரை நெஞ்செலும்புக்குக் கீழே ஏற்படும் இறுக்கமும் குமட்டலும். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. ஆகவே அக்கா "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாமல் எங்கே, எதைச் செய்யும்போது என்பதையும் சொல்ல வேண்டும்.

மோபின் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் ஒருவருக்கு அந்த வகை மருந்துகள் கூடுதல் அபாயம் உள்ளவைதான். அவை உறக்கத்தை ஆழமாக்கி மூச்சின் வேகத்தைக் குறைக்கும். அதற்காக அவற்றை அறவே கொடுக்கக் கூடாது என்பதில்லை. தேவைப்படும் அளவைக் குறைப்பதற்காகவே இப்போது பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பரசிற்றமோல் 1 கிராம் வீதம் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை நாளத்தினூடாக ஏற்றப்படும். துளைகளின் ஓரங்களில் விறைப்பு மருந்து போடப்படும். சில இடங்களில் வயிற்றுச் சுவரின் நரம்புகளை ஸ்கேன் பார்த்து விறைக்கச் செய்வார்கள். இத்தனைக்கும் மேலே வலி எஞ்சினால் மட்டும் சிறிய அளவில் மோபின் கொடுக்கப்படும். மயக்க மருந்து வைத்தியரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை இவைதான்: எந்தெந்த மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கப் போகிறீர்கள், அவற்றில் எது நேரம் தவறாமல் கொடுக்கப்படும், எதை நாங்கள் கேட்டால் மட்டும் கொடுப்பார்கள், விறைப்பு மருந்தின் வேகம் இறங்கும்போது என்ன ஏற்பாடு இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியைத் தவறவிட வேண்டாம். மாலையில் சுகமாக இருந்தவர் நள்ளிரவில் வலியால் விழிப்பதை விடுதியில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். மூச்சு இயந்திரத்தையும் அவருக்குப் பழகிய முகமூடியையும் கட்டாயம் கொண்டு போங்கள். அதைப் பகலில் உறங்கும்போதும் போட வேண்டும்.

வலியை 0 முதல் 10 வரையான இலக்கத்தில் சொல்லச் சொல்வார்கள். இதற்குச் சிங்களம் தேவையில்லை, விரல்களைக் காட்டினாலே போதும். முன்கூட்டியே வீட்டில் பழக்கிவிடுங்கள். ஆனால் அசையாமல் படுத்திருக்கும்போது உள்ள இலக்கத்தை மட்டும் சொன்னால் பயனில்லை. படுத்திருக்க 2, இரும 7 என்றால் கவனிக்க வேண்டியது அந்த 7. வலியே இல்லாமல் ஆக்குவது எங்கள் நோக்கமல்ல. ஆழமாக மூச்செடுக்கவும், இருமவும், எழுந்து நடக்கவும் முடிகிற அளவுக்கு அதைக் குறைப்பதே நோக்கம். "வலியால் இரும முடியவில்லை" என்று அவர் சொன்னால் எந்தத் தாதியும் அதை முறைப்பாடாக எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது.

இனி உங்களுக்கு ஒரு வார்த்தை. சில வைத்தியசாலைகளில் நோயாளரே பொத்தானை அழுத்தி மோபினைச் சிறுகச் சிறுகப் பெறும் பம்பி ஒன்றைப் பூட்டுவார்கள். ஒருமுறை அழுத்தினால் அடுத்த 5 அல்லது 10 நிமிடங்களுக்கு எத்தனை தரம் அழுத்தினாலும் மருந்து வராதபடி அது அமைக்கப்பட்டிருக்கும். அந்தப் பொத்தானை அக்காவைத் தவிர வேறு எவரும் தொடக் கூடாது. மருந்து கூடி உறக்கம் வந்தால் அவர் அழுத்த மாட்டார், மருந்தும் நின்றுவிடும். அந்தக் கருவியின் பெரிய பாதுகாப்பு அதுதான். பாசத்தினால் தங்கையோ தாயோ அழுத்திக் கொடுக்கும்போது அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போய்விடுகிறது. அழைத்தும் விழிக்க முடியாத அளவுக்கு அவர் மயங்கிக் கிடந்தாலோ, மூச்சு மெதுவானாலோ உடனே மணியை அழுத்துங்கள். விரலில் பூட்டிய ஒட்சிசன் கருவி சரியான இலக்கத்தைக் காட்டுகிறதே என்று காத்திருக்க வேண்டாம்.

ஏறாவூர் சகோதரி எழுதியது:

நான் இதே சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டவள் என்பதால் நோயாளரின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். துளைகளின் வலியை எளிதாகத் தாங்க முடிந்தது; தோள் வலிதான் என்னைப் படாத பாடு படுத்தியது. அதற்கு ஊசி போட்டும் பெரிய மாற்றம் தெரியவில்லை. எழுந்து நடந்தபோதுதான் இறங்கத் தொடங்கியது. சத்திரசிகிச்சை முடிந்த அன்று மாலையே தாதி வந்து நடக்கச் சொன்னபோது இரக்கமில்லாதவர் என்று மனதுக்குள் திட்டினேன். விடுதியின் நடைபாதையில் ஒரு சுற்றுப் போய் வந்ததும் ஏப்பம் வந்து, தோளும் இலேசாகியது. உம்மா கொண்டு வந்த சித்தாலேப்பையைத் தோளில் தடவ அனுமதித்தார்கள், வயிற்றுப் பக்கம் கொண்டு போக வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றித் தோளில் வைத்ததும் இதமாக இருந்தது.

கட்டிலிலிருந்து நேரே நிமிர்ந்து எழ முயல வேண்டாம். முழங்காலை மடித்து, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, கால்களைக் கட்டிலின் வெளியே விட்டுக்கொண்டே முழங்கையை ஊன்றி எழுந்தால் வயிற்றுத் தசைகள் இழுபடாது. இருமும்போது சிறிய தலையணை ஒன்றை வயிற்றோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்றைத் தருவார்கள். வலிக்கு மருந்து ஏற்றி அரை மணித்தியாலத்துக்குப் பின் அதைச் செய்தால் பந்துகள் நன்றாக எழும்பும். தொழுகையைக் கதிரையில் இருந்தபடியே தொழுதேன். குனிவது சில நாட்களுக்கு இயலாது.

எவரும் எனக்கு முன்கூட்டியே சொல்லாத விடயம் தண்ணீர். தாகத்தில் ஒரு வாய் நிறையக் குடித்தேன். நெஞ்சுக்குள் கல் அடைத்ததுபோல் இறுகி, ஓங்காளித்து, அந்த ஓங்காளிப்பில் துளைகள் எல்லாம் ஒருசேர வலித்தன. மருந்து அளக்கும் சிறிய கிண்ணத்தில் 30 மில்லிலீற்றரை எடுத்து, அதைக் கால் மணித்தியாலம்வரை உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்க வேண்டும். குமட்டல் தொடங்கியவுடனேயே ஊசி கேட்கும்படி அக்காவிடம் சொல்லுங்கள், வாந்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கல்லடியான் எழுதியது:

மேலே எழுதியவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆயினும் இந்த ஊசிகளும் பம்பிகளும் தேவைக்கு மேலாகப் பயன்படுத்தப்படுகின்றன என்பது எனது எண்ணம். எங்கள் தாய்மார் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தவர்கள். மோபின் என்பது பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்து. இயன்றவரை பொறுத்துக்கொண்டால் உடம்பு தானாகத் தேறும். எனது அண்ணருக்குப் பித்தப்பை எடுத்தபோது அவர் இரண்டாம் நாளே ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை.

மருதமுனைத் தாதி எழுதியது:

தம்பி, உங்கள் அண்ணருக்கு இரண்டாம் நாள் ஊசி தேவைப்படவில்லை என்பது நல்ல செய்தி, பலருக்கும் அப்படித்தான். ஆனால் தேவைப்படாமல் விடுவது வேறு, தேவைப்பட்டும் பொறுப்பது வேறு. பருமனான உடலில் வயிற்றின் பாரம் நுரையீரலின் அடிப்பகுதியை ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் வலிக்குப் பயந்து அரை மூச்சாக எடுத்தால் அந்தப் பகுதி சுருங்கி, சளி தேங்கி, நிமோனியாவுக்கு வழி பிறக்கும். அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிராபத்து. அதைத் தடுக்கவே இரத்தம் உறையாமலிருக்கும் ஊசியும் காலுறையும் கொடுக்கிறார்கள். நடை இல்லாமல் அவை மட்டும் போதாது. தாய்மார் பொறுத்தார்கள் என்பது உண்மை. அவர்களுக்குக் கேட்க இடமிருக்கவில்லை என்பதும் உண்மை.

அடிமையாவது பற்றிய அச்சத்தையும் நான் தள்ளிவிடவில்லை. விடுதியில் இரண்டொரு நாள் அளந்து கொடுக்கும் மருந்தை விட, வீட்டுக்குக் கொண்டுபோய் வாரக்கணக்கில் எடுக்கும் மருந்தே கவலைக்குரியது. ஆகவே வீடு செல்லும்போது மோபின் வகையைச் சேர்ந்த ட்ரமடோல் போன்ற குளிசைகளை எழுதித் தந்தால் எத்தனை நாளுக்கு, எப்போது நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலானோருக்குப் பரசிற்றமோல் மட்டுமே போதுமானதாகிவிடும்.

பொறுத்துக்கொள்ளும் பழக்கத்தில் இன்னொரு கேடும் உண்டு. இரைப்பையைத் தைத்த கோட்டில் கசிவு ஏற்படுவது அரிது, ஆனால் ஏற்பட்டால் பாரதூரமானது. பருமனான உடலில் வயிறு கல்லாக இறுகுவது போன்ற வழக்கமான அறிகுறிகள் தெரியாமல், நாடித் துடிப்பு மட்டும் முதலில் கூடலாம். நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி திரும்பக் கூடினாலும், குறிப்பாக இடது தோளில் புதிதாகத் தொடங்கினாலும், நாடி நிமிடத்துக்கு 120க்கு மேல் நின்றாலும், காய்ச்சலோ மூச்சு முட்டலோ வந்தாலும், அது வாயு வலி என்று வீட்டார் தீர்ப்புச் சொல்லக் கூடாது, வைத்தியர் பார்க்க வேண்டும்.

ஆரையம்பதியாள் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தாதி அக்கா எழுதியதை எனது அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "கேட்கலாம் என்றால் கேட்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். விரல்களைக் காட்டிப் பழகுகிறோம், பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. கேள்விகளை ஒரு தாளில் சிங்களத்திலும் எழுதித் தருவதாக அயலில் உள்ள ஆசிரியர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். வீட்டில் மூட்டு வலிக்கு அக்கா வழக்கமாக எடுக்கும் டைக்குளோபெனாக் குளிசைகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தலாமா? மூன்றாம் நாள் வீடு போகலாம் என்று சொன்னால், அன்றே வாகனத்தில் மட்டக்களப்புக்குப் புறப்படலாமா?

செங்கலடி மருந்தாளர் எழுதியது:

டைக்குளோபெனாக்கை உங்கள் விருப்பப்படி கொடுக்க வேண்டாம். அந்த வகை மருந்துகள் இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கக் கூடியவை. குடலை இரைப்பையோடு இணைக்கும் பைபாஸ் முறை செய்தவர்களுக்கு இணைப்பில் புண் வரும் என்பதால் அவற்றை முற்றாகத் தவிர்க்கச் சொல்வார்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்குச் சில வைத்தியர்கள் விடுதியில் குறுகிய காலத்துக்கு அனுமதிப்பதுண்டு. அது அவர்கள் கண்காணிப்பில் நடப்பது. உங்கள் அக்காவின் விடயத்தில் வேறொரு காரணமும் இருக்கிறது: போதிய தண்ணீர் குடிக்க முடியாத நாட்களில் லொசாட்டனோடு டைக்குளோபெனாக்கும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். பாமசியில் கேட்டவுடன் தந்துவிடுவார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மூட்டு வலிக்கு இனி என்ன எடுப்பது என்பதையும் இந்தப் பயணத்திலேயே வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள்.

பனடோலை, அதாவது பரசிற்றமோலைப் பொறுத்தவரை, வளர்ந்தவர் ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசைகள் 8, என்பதே உச்சம். தடிமனுக்கு விற்கும் பல மருந்துகளிலும் பரசிற்றமோல் இருப்பதால் அவற்றைச் சேர்த்து எடுக்கக் கூடாது. முதல் சில வாரங்களுக்கு முழுக் குளிசையை விழுங்க வேண்டாம் என்று சொன்னால் பிள்ளைகளின் பாணி மருந்தை நாடுவார்கள். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் மட்டுமே உள்ள பாணியில் 1 கிராம் பெறுவதற்கு 40 மில்லிலீற்றருக்கு மேல் குடிக்க வேண்டும், அதில் சீனியும் கலந்திருக்கலாம். வைத்தியர் சம்மதித்தால் சாதாரணக் குளிசையைப் பொடியாக்கித் தண்ணீரில் கலந்து கொடுப்பது எளிது. பொங்கிக் கரையும் வகையில் வாயுவும் சோடியமும் உண்டு. பிரஷர் உள்ளவருக்கு அது உகந்ததல்ல. மெட்போமினில் மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது, அதைப் பொடியாக்கவே கூடாது. அக்கா எடுப்பது எந்த வகை என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் சீனி மருந்தின் அளவே மாறக்கூடும். மயக்கத்தின்போது குமட்டலைத் தடுக்க டெக்சாமெதசோன் கொடுத்திருந்தால் முதல் நாள் சீனி ஏறியும் காணப்படலாம், அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

மருதமுனைத் தாதி எழுதியது:

பயணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். வசதி இருந்தால் ஒரு வாரமளவாவது கொழும்பில் உறவினர் வீட்டிலோ வைத்தியசாலைக்கு அண்மையிலோ தங்குங்கள். கசிவு சிலருக்கு வீடு சென்ற பின்பே வெளிப்படும். சத்திரசிகிச்சை செய்தவரிடமே திரும்பிப் போகக் கூடிய தூரத்தில் இருப்பது நல்லது. மட்டக்களப்பிலிருந்து ஒரே மூச்சில் திரும்பிப் போவதென்றால் பாதி நாள் போய்விடும். வரும்போது வாகனத்தை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை என்று இறங்கி நடக்கச் செய்யுங்கள். ஆசனப் பட்டிக்கும் வயிற்றுக்கும் நடுவே அந்தச் சிறிய தலையணையை வைக்கலாம். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி வலித்தால் தேய்த்துவிட வேண்டாம், அது உடனே காட்ட வேண்டிய வலி.

விடுகை பெறும்போது தரும் டயக்னோசிஸ் காட்டைப் படமெடுத்து இருவரின் தொலைபேசியிலும் வைத்திருங்கள். வீட்டில் நான் முன்னர் சொன்ன அறிகுறிகள் தெரிந்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போகலாம். இரவென்று விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அங்கே போனதும் முதல் வார்த்தையாக, எந்தத் திகதியில் இரைப்பையில் சத்திரசிகிச்சை நடந்தது என்பதைச் சொல்லுங்கள். மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விடுவதென்றால், புதிதாகத் தைத்த இரைப்பை என்பதால் சத்திரசிகிச்சை வைத்தியருடன் பேசிவிட்டுச் செய்யும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.